எர்ணாவூர் பக்கம் ஒரு குழு ஓவியக் கண்காட்சி: சுவர், வெளிச்சம், வரிசை

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வடசென்னையில் எர்ணாவூர், திருவொற்றியூர் பக்கத்தில் இருக்கும் 12 பேர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை, அதோடு எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்த எண்ணெய்ப் படலம், மாதக் கடைசியில் அமோனியா கசிவு. அந்த நாட்களிலும் அதற்குப் பிறகும் வரைந்த படங்கள் கையில் இருக்கின்றன. நீர்வண்ணம், அக்ரிலிக், கரி, பிள்ளைகளின் கிரேயான், வெள்ளத்தில் நனைந்து கறை ஏறிய சில தாள்கள். ‘நம்பிக்கையும் அழகும்’ என்று தலைப்பு வைத்துக் கண்காட்சி நடத்த ஆசை. மண்டபத்தில் ஆணி அடிக்க விடமாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது, நகருக்குள் கேலரி பிடிப்பதா, ஊரிலேயே நடத்துவதா, துயரத்தைக் காட்டும் படங்களை ஒதுக்கிவிடலாமா என்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. ஒன்று மாட்டும் கேள்வி; டேப் வைத்து அளந்தால் விடை வந்துவிடும். மற்றது வரிசைக் கேள்வி. எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் என்பது. அழகு அங்கேதான் உண்டாகும் அல்லது கெடும். தலைப்புக்கு அதில் பங்கு குறைவு.

இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். கிரீம்ஸ் சாலையில் இருக்கும் லலித் கலா அகாதமி போன்ற இடங்களில் சுவர், விளக்கு, மாட்டும் கம்பி எல்லாம் தயாராக இருக்கும்; ஓவியம் வாங்குகிறவர்களும் அங்கே வருவார்கள். ஆனால் நீங்கள் யாருடைய தெருவை வரைந்தீர்களோ அவர்கள் வேலையை விட்டு, வண்டி பிடித்து அங்கே வருவது அபூர்வம். ஊரிலேயே நடத்துங்கள் என்பது என் பக்கச் சாய்வு. 2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோ விம்கோ நகர் வரை ஓடுகிறது, ஆகவே நகரத்துக்காரர்கள் வருவதற்கும் இப்போது சாக்கு இல்லை. மாநகராட்சியின் சமுதாய நலக்கூடம் வேண்டுமென்றால் உங்கள் மண்டல அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். திருவொற்றியூர் முதல் மண்டலம், தண்டையார்பேட்டை நான்காவது, ராயபுரம் ஐந்தாவது. தனியார் கல்யாண மண்டபம் என்றால் ஒரு வழி உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா பூட்டிக் கிடக்கும், வாடகையில் பேரம் பேச இடம் இருக்கும். ஆடி என்றால் அம்மன் கோயில் கூழ், ஒலிபெருக்கி, சாயங்கால இடி மழை மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மார்கழியின் கடைசிப் பத்து நாள், அதாவது பொங்கலுக்கு முன், இன்னும் தோது. வெள்ளம் வந்த அதே டிசம்பர் முதல் வாரத்தில் நினைவாக நடத்தத் தோன்றும். வேண்டாம். வடகிழக்குப் பருவமழை அப்போது முடிந்திருக்காது. மழை கொட்டினால் படமும் நனையும், அந்த மழையைப் பார்த்துப் பயப்படுகிற ஊரில் யாரும் வீட்டை விட்டு வரவும் மாட்டார்கள்.

மீனவர் குடும்பங்கள் வர வேண்டும் என்றால் இன்னொரு கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். ஆனால் அதே காலம்தான் கத்திரி வெயில், கையில் காசும் இருக்காது. நுழைவு இலவசமாக இருந்தால் அது பெரிய தடையல்ல. நேரத்தை கேலரி மாதிரி காலை 11 முதல் என்று வைக்காதீர்கள். சாயங்காலம் 4 முதல் இரவு 9 வரை வையுங்கள். ஞாயிறு காலை காசிமேட்டில் மீன் வியாபாரம் உச்சத்தில் இருக்கும், ஆகவே ஞாயிறு என்றால் மாலை மட்டும். மாசியில் திருவொற்றியூர்க் கோயில் பிரம்மோற்சவம் நடக்கும்போது தேரடிப் பக்கம் வண்டி நகராது. அந்தத் தேதிகளைத் தவிருங்கள்.

இனி சுவர். மண்டபம் 40 அடிக்கு 25 அடி என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 130 அடி. கதவு, ஜன்னல், மேடை, ஸ்விட்ச் போர்டு எல்லாம் கழித்தால் 70 அடி மிஞ்சும். ஆளுக்கு 3 படம் என்றால் 36 படம். சராசரி அகலம் 2 அடி, இரண்டு படத்துக்கு நடுவே 1 அடி இடைவெளி, ஆகப் படத்துக்கு 3 அடி. மொத்தம் 108 அடி வேண்டும். 38 அடி பற்றாது, அதாவது சுமார் 13 படத்துக்கு இடமில்லை. இந்த நிலையில் பொதுவாகச் செய்யும் தப்பு, இடைவெளியைக் குறைத்து எல்லாவற்றையும் நெருக்கி மாட்டுவது. பாத்திரக் கடை மாதிரி ஆகிவிடும். அதற்குப் பதிலாக 8-க்கு 4 அடி, 12 மில்லிமீட்டர் பிளைவுட் 7 பலகை எடுங்கள். நான்கு அடி அகலம் தரையில் வரும்படி நிமிர்த்தி, மூன்றை ஒரு செட்டாகவும் நான்கை ஒரு செட்டாகவும் கீல் போட்டு மடக்குத் தட்டி மாதிரி வளைத்து வளைத்து நிற்க வையுங்கள். நேராக நிறுத்தினால் சாயும். வளைவுதான் அதன் கால். ஒரு பலகை 20 கிலோவுக்கு மேல் இருக்கும், பிள்ளைகள் ஓடுகிற இடம், ஆகவே ஒவ்வொரு செட்டின் இரண்டு முனையிலும் அடியில் மணல் மூட்டை வைத்துக் கட்டுங்கள். இரு பக்கமும் பக்கத்துக்கு ஒரு படம் மாட்டினால் 14 படம் அடங்கிவிடும். பலகையை வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட் அடித்து, குறைந்தது மூன்று நாள் காற்றாட விடுங்கள். வாடை போகாத பெயிண்டுக்குப் பக்கத்தில் நின்று யாரும் படம் பார்க்க மாட்டார்கள்.

மீதி 70 அடிச் சுவரில் ஆணி கூடாது. டபுள் சைட் டேப்பை நம்பாதீர்கள். சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் சுவரில் டேப் சுவரைப் பிடிப்பதில்லை, மேலே இருக்கும் பொடியைத்தான் பிடிக்கும். இரவில் ஈரக்காற்று ஏறியதும் பொடியோடு சேர்ந்து படம் கீழே வரும். பந்தல்காரரைக் கூப்பிட்டு, சுவரிலிருந்து அரையடி தள்ளி 8 அடிக்கு ஒரு சவுக்குக் கம்பு நிறுத்தச் சொல்லுங்கள். அடிப்பக்கம் 20 லிட்டர் பெயிண்ட் டப்பாவில் மணல் நிரப்பி நட்டால் ஒவ்வொன்றும் 30 கிலோ கனம் வரும், அசையாது. 8 அடி உயரத்தில் குறுக்கே கம்போ ஜி.ஐ. பைப்போ ஓட்டி எல்லாவற்றையும் ஒரே சட்டமாகக் கட்டிவிட வேண்டும். பின்னால் காடாத் துணி தொங்கவிடுங்கள். மண்டபச் சுவர் பெரும்பாலும் பிஸ்தா பச்சை அல்லது ரோஸ். அதன் மேல் நீர்வண்ணம் செத்துவிடும். வெளுக்காத காடாவின் மங்கலான வெண்மை எல்லா நிறத்துக்கும் ஒத்துப்போகும். 36 அங்குல அகலத் துணியென்றால் 70 அடிக்கு 24 பாளம், ஒவ்வொன்றும் மடிப்புக்குச் சேர்த்து எட்டரை அடி, மொத்தம் 62 மீட்டர், 65 வாங்குங்கள். கோடவுன் தெருவில் மொத்தமாகக் கிடைக்கும். வாங்கியதும் ஒரு முறை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட வேண்டும், இல்லாவிட்டால் மடிப்புக் கோடுகள் படத்தைவிட எடுப்பாகத் தெரியும்.

மேல் கம்பிலிருந்து படத்தைத் தொங்கவிட நைலான் நரம்பு போதும். ஒரு படத்துக்கு ஒன்றல்ல, இரண்டு நரம்பு; ஒன்றில் தொங்கினால் ஃபேன் காற்றுக்குப் படம் கோணிக்கொண்டே இருக்கும். படத்தின் எடையைப் போல ஐந்து மடங்கு தாங்கும் நரம்பாகப் பாருங்கள். நைலான் கனத்தில் நீளும், ஈரத்தில் இன்னும் கொஞ்சம் நீளும், அதனால் திறப்பு விழாவுக்கு முதல் நாள் இரவே மாட்டி, மறுநாள் மட்டம் பார்த்துச் சரி செய்ய வேண்டும். வழவழப்பான நரம்பில் சாதாரண முடிச்சு நழுவும். அந்த வேலைக்கு வலை பின்னத் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள், உங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? ஃபிரேமின் கீழ் மூலை இரண்டிலும் பின்பக்கம் சிறு ஸ்பாஞ்சுத் துண்டு ஒட்டினால் ஆட்டம் குறையும். மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து அடிக்கும், கிழக்கு ஜன்னல்களைச் சாத்தியே வையுங்கள்.

உயரம்: படத்தின் நடுமையம் தரையிலிருந்து 145 சென்டிமீட்டர், அதாவது நாலே முக்கால் அடி. பெரிய படமோ சின்னப் படமோ, எல்லா மையமும் ஒரே கோட்டில். மேல் விளிம்பை ஒரே கோட்டில் வைப்பது பலர் செய்வது. அளவு மாறும்போது பார்வை ஏறி இறங்கிக் களைத்துப்போகும். பலகையில் கொக்கி எங்கே வரும் என்பதற்கு எளிய கணக்கு: 145-உடன் படத்தின் உயரத்தில் பாதியைக் கூட்டி, பின்பக்கக் கம்பியை இழுத்துப் பிடித்தால் ஃபிரேமின் மேல் விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே வருகிறதோ அதைக் கழியுங்கள். 60 சென்டிமீட்டர் உயரப் படம், கம்பி 5 சென்டிமீட்டர் கீழே என்றால் 145, 30, கழிக்க 5, கொக்கி 170-ல். பின்பக்க வளையங்களை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் போடுங்கள். நட்ட நடுவில் போட்டால் படம் முன்னால் குனியும். பிள்ளைகளின் கிரேயான் படங்களை மட்டும் தனியாக, மூன்றரை அடி உயரத்தில், கொடிக்கயிறு கட்டிக் கிளிப்பில் மாட்டுங்கள். கயிறு 10 அடிக்கு மேல் நீளமானால் நடுவில் தொய்யும்.

தாளில் வரைந்தவைதான் உங்கள் ஊரில் அதிகம் கெடும். தாளுக்கு 50 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதம் நல்லது. கடலோரத்தில் 70-ஐத் தாண்டுவது சர்வ சாதாரணம். தாள் ஈரத்தைக் குடித்து விரியும், உலர்ந்து சுருங்கும். முழுத் தாளுக்கும் ஃபெவிகால் தடவி அட்டையில் ஒட்டினால் தாளும் அட்டையும் வேறுவேறு அளவில் விரிந்து அலை அலையாக எழும்பும். பிறகு எதுவும் செய்ய முடியாது. மேல் விளிம்பில் இரண்டே இடத்தில், மெல்லிய தாள் பட்டையில் மைதாப் பசையோ அரிசிப் பசையோ தடவிக் கீல் மாதிரி ஒட்டுங்கள். கீழே சும்மா தொங்கட்டும். செலோ டேப் சில வருடத்தில் மஞ்சளாகிப் பசை தாளுக்குள் இறங்கிவிடும். கண்ணாடி போட்டால் படத்தைத் தொடக் கூடாது, நடுவில் மவுண்ட் போர்டு என்னும் தடித்த அட்டையைச் சட்டம் மாதிரி வெட்டி வைத்து 3 மில்லிமீட்டராவது இடம் விட வேண்டும். இல்லையென்றால் கண்ணாடியில் வேர்க்கும் ஈரம் வண்ணத்தில் ஒட்டும். கண்ணாடியின் கனத்தையும் நினைவில் வையுங்கள்: ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் இரண்டரை கிலோ. 60-க்கு 75 சென்டிமீட்டர் படத்துக்கு 4 மில்லிமீட்டர் கண்ணாடி நாலரை கிலோ, 2 மில்லிமீட்டர் அதில் பாதி. நரம்பில் தொங்குவதற்கு 2 போதும்.

எல்லாவற்றுக்கும் ஃபிரேம் போடக் காசு இருக்காது. அதற்கு ஆண்டர்சன் தெருவில் அமிலமில்லாத மவுண்ட் போர்டு கேட்டு வாங்கி, தாளின் நான்கு மூலைக்கும் மடித்த தாள் முக்கோணங்கள் ஒட்டி, அதில் படத்தைச் செருகி, மேலே பாலியெஸ்டர் ஷீட் போர்த்துங்கள். கரி, பேஸ்டல் படங்களுக்கு மட்டும் இது ஆகாது. ஷீட்டில் ஏறும் நிலைமின்சாரம் பொடியை உருவி எடுத்துவிடும். அவற்றுக்குப் பொடி உதிராமல் பிடிக்கும் ஃபிக்சட்டிவ் ஸ்பிரே அடித்து, கண்ணாடி ஃபிரேமே போடுங்கள்; செலவை அங்கே ஒதுக்குங்கள். எண்ணெய் வண்ணப் படம் ஏதாவது இருந்தால் வார்னிஷ் அவசரம் வேண்டாம், மெல்லிய பூச்சுக்கே ஆறு மாதம், தடித்ததற்கு ஒரு வருடம் காத்திருப்பது வழக்கம். தளர்ந்து தொங்கும் கேன்வாஸைப் பின்பக்க ஆப்புகளை மெதுவாகத் தட்டினால் இறுக்கிவிடலாம்.

நனைந்த தாள்களைக் காட்டலாமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். காட்டலாம், அவைதான் உங்கள் கண்காட்சியில் மிக வலுவானவையாக இருக்கக்கூடும். ஆனால் முதலில் பூஞ்சையைப் பாருங்கள். நனைந்து ஒன்றிரண்டு நாளிலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். இப்போது உலர்ந்துவிட்டாலும் அது செத்துவிடவில்லை, ஈரம் கிடைத்தால் மறுபடி எழும், பக்கத்துப் படத்துக்கும் பரவும். திறந்த வெளியில், என்95 முகக்கவசம் போட்டு, மிருதுவான தூரிகையால் உங்களிடமிருந்து வெளிப்பக்கமாகத் தட்டி எடுங்கள். ஈரத் துணியால் துடைத்தால் கறை இழைக்குள் போய்விடும். நேர் வெயிலில் காயவைத்தால் தாள் முறுகும், நிறம் வெளிறும். பிறகு அவற்றைத் தனித்தனியாகக் கண்ணாடிக்குள், பின்பக்கம் ஓரம் முழுக்க டேப் ஒட்டி மூடுங்கள். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிய்க்காதீர்கள்; ஒட்டிய கட்டாகவே ஒரு மேசைப் பெட்டியில் வைக்கலாம். சேற்றுக் கோட்டுக்கு மேல் வண்ணம் தீட்டி மறைக்கவும் வேண்டாம். தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று அந்தத் தாளே கோடு போட்டுச் சொல்கிறது. எண்ணெய் படிந்த வலையை வைக்க வேண்டும் என்று உங்களில் ஒருவர் விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். திறந்தபடி தொங்கவிடாதீர்கள். தீப்பற்றும், தோலில் பட்டால் அரிக்கும், அடைத்த மண்டபத்தில் அதன் வாடை சிலருக்குத் தலைவலி கொடுக்கும். ஒரு முழம் வெட்டி, சிலிகான் போட்டு அடைத்த அக்ரிலிக் பெட்டிக்குள் வைத்தால் போதும்.

வெளிச்சம் பற்றி. விளக்கொளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள். மண்டபத்து டியூப் லைட் 6500 கெல்வின், நீலம் பாய்ந்த வெள்ளை. மஞ்சளும் சிவப்பும் சாம்பல் அடித்துப்போகும். 4000 கெல்வின், நிறத்தைச் சரியாகக் காட்டும் குறியீடு (CRI) 90-க்கு மேல் என்று அட்டையில் எழுதியிருக்கும் எல்.இ.டி. ஸ்பாட் விளக்கு வாங்குங்கள். 7 வாட்டில் 24 விளக்கு போதும், மொத்தம் 168 வாட். ஒரு 6 ஆம்பியர் லைன் சிரமமில்லாமல் தாங்கும். ஹாலஜன் கொண்டுவருகிறேன் என்று பந்தல்காரர் சொன்னால் மறுத்துவிடுங்கள், காடாத் துணிக்குப் பக்கத்தில் அது தீக்கொள்ளி. விளக்கு செங்குத்துக் கோட்டிலிருந்து 30 டிகிரி சாய்ந்து படத்தில் விழ வேண்டும். 10 அடி உயரத்தில் விளக்கு, நாலே முக்காலில் படத்தின் மையம் என்றால், விளக்கு சுவரிலிருந்து 3 அடி தள்ளி வரும். அதைவிடத் தள்ளினால் பார்க்கிறவரின் நிழலே படத்தில் விழும். கிட்டே கொண்டுபோனால் ஃபிரேமின் நிழல் விழும். கண்ணாடிப் படத்துக்கு எதிரே ஜன்னலோ திறந்த வாசலோ இருந்தால், என்ன விளக்கு போட்டாலும் அதில் தெருதான் தெரியும். அந்த இடத்தைக் கேன்வாஸுக்குக் கொடுங்கள். அருங்காட்சியகங்களில் தாள் ஓவியத்துக்கு வெளிச்ச அளவை 50 லக்ஸ் என்று மங்கலாக வைப்பார்கள். அது வருடக்கணக்கில் மாட்டியிருப்பதற்கு. ஐந்து நாள் கண்காட்சிக்கு அந்தக் கஞ்சத்தனம் தேவையில்லை, நேர் வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் சரி.

இதுவரை சொன்னதெல்லாம் அளந்து சரிபார்க்கக்கூடியது. இனி சொல்வது ஒருவருடைய ரசனையும் பழக்கமும், மறுக்கலாம். ‘நம்பிக்கை’ என்ற சொல்லைக் கொடுத்து 12 பேரை வரையச் சொன்னால் உதயசூரியன், இடிந்த சுவரில் முளைக்கும் செடி, புறா, சிரிக்கும் குழந்தை என்று வந்து நிற்கும். அவற்றில் எர்ணாவூர் இருக்காது, எந்த ஊரும் இருக்காது. ஆளுக்கு ஐந்து படம் கேட்டு மூன்று எடுங்கள். எடுக்கும்போது ஒரே கேள்வி, இதை இந்த ஊரைப் பார்க்காமல் வரைந்திருக்க முடியுமா? முடியும் என்றால் ஒதுக்குங்கள். வெள்ளம் வடிந்த பிறகு மொட்டை மாடியில் காயும் பாடப்புத்தகங்கள், தேய்த்துத் தேய்த்தும் கறை போகாத ஃபைபர் படகு, கொடியில் ஒரே நேரத்தில் தொங்கும் மொத்தக் குடும்பத்தின் துணி என்று எதையாவது ஒருவர் உற்றுப் பார்த்து வரைந்திருந்தால் அதில் நம்பிக்கை என்று எழுதி ஒட்ட வேண்டியதில்லை. வடசென்னை என்றாலே அரிவாளும் குத்துச்சண்டையும் என்று சினிமா பழக்கிவிட்டதால் கையுறையும் கேரம் போர்டும் வரும். வரட்டும், வரைந்தவர் அதை நேரில் பார்த்தவராக இருந்தால் சரி.

துயரப் படங்களை ஒதுக்காதீர்கள். 1943 வங்கப் பஞ்சத்தில் ஓவியர் ஜைனுல் ஆபிதீன் மலிவான பொட்டலத் தாளில் கருப்பு மையால் வரைந்தவை இன்றும் நிற்கக் காரணம் அவர் எதையும் மெழுகவில்லை என்பதுதான். 1970-களில் வங்கக் கலைஞர் சோம்நாத் ஹோர் காயத்தை வெள்ளைக் காகிதக் கூழில் வெறும் கீறலாகவும் குழியாகவும் மட்டும் பதித்தார். பெரும்பாலும் வெள்ளை மேல் வெள்ளைதான், பார்த்தால் வலிக்கும், அழகாகவும் இருக்கும். இரண்டும் ஒரே படத்தில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் வரிசை முக்கியம். வாசலில் நுழைந்ததும் மிக இருண்ட படம் வேண்டாம். அதை அனுபவித்தவர்களே வருகிறார்கள், அவர்களுக்குப் பாடம் தேவையில்லை. வாசலில் அவர்களுக்கு அடையாளம் தெரிகிற ஓர் இடத்தின் படம், அமைதியானதாக. கனமான படங்களை உள்ளே, மண்டபத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கில், மடக்குத் தட்டியின் உட்புறம் வையுங்கள். பார்க்க விரும்பாதவர் அதைச் சுற்றிக்கொண்டு போக வழி இருக்கட்டும். எல்லா இருட்டும் ஒரு சுவர், எல்லா வெளிச்சமும் எதிர்ச் சுவர் என்று பிரித்தால் பள்ளிக்கூடச் சுவரொட்டி மாதிரி ஆகும். கரிப் படத்துக்குப் பக்கத்தில் நீர்வண்ணம் வையுங்கள், ஒன்று மற்றதைப் பார்க்க வைக்கும். இந்த வரிசையைத் தீர்மானிப்பவர் காட்சியில் படம் வைக்காத ஒருவராக இருந்தால் சண்டை பாதி குறையும். தரையில் எல்லாவற்றையும் சுவரோரம் சாய்த்து வைத்து, ஒரு மணி நேரம் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, அதன் பிறகே கயிற்றைத் தொடுங்கள்.

ஓவியம் மனக்காயத்தை ஆற்றும் என்று அழைப்பிதழில் போடாதீர்கள். சிலருக்கு ஆறும், சிலருக்குக் கிளறும். தூக்கமின்மை, பயம் தொடர்கிறவருக்கு வேண்டியது மருத்துவர், அதற்கு ஓவியர் ஈடாக மாட்டார். அண்டை வீட்டுக்காரர் முகம் அடையாளம் தெரியும்படி வரைந்திருந்தால், முக்கியமாக அழுதுகொண்டோ நிவாரண வரிசையில் நின்றோ இருந்தால், அவரிடம் படத்தைக் காட்டி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். முடியாது என்றால் அந்தப் படம் வேண்டாம், எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

வாசலில் ஒரு தயக்கம் இருக்கும். “உள்ள போலாமாண்ணா? காசு எவ்ளோ?” என்று கேட்டுவிட்டு நிற்பார்கள், செருப்பைக் கழற்றுவதா என்று பார்ப்பார்கள். ‘இலவசம், செருப்போடு வரலாம், போட்டோ எடுக்கலாம்’ என்று பெரிதாக எழுதி வையுங்கள். திறப்பு விழாவில் பேச்சு 15 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பிரமுகர் பேசி முடிப்பதற்குள் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். கானாவோ பறையோ வைத்தால் தெருவில் வையுங்கள், மண்டபத்துக்குள் வேண்டாம், அதிர்வில் படம் ஆடும். பஜ்ஜி, டீ வாசலுக்கு வெளியே. படங்களுக்கு முன்னால் கயிறு கட்டாமல் தரையில் இரண்டு அடி தள்ளி டேப் ஒட்டினாலே மக்கள் மதிப்பார்கள். விளக்கச் சீட்டு படத்தின் வலது கீழ்ப்புறம், தமிழில், 20 பாயிண்டுக்குக் குறையாமல்: பெயர், தலைப்பு, ஆண்டு, எதில் வரைந்தது, உயரம் முதலில் அகலம் பிறகு, விலை. கதை எழுத வேண்டாம்.

விற்பனையை வைத்து வரவு செலவு போடாதீர்கள், அது நிச்சயமில்லாதது. வணிகக் கேலரிகள் 30 முதல் 50 சதவீதம் வரை கழித்துக்கொள்வது சகஜம். நீங்கள் 15 சதவீதம் பொது நிதிக்கு என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் போதும். ஊர்க்காரர் வாங்கக்கூடியது சிறு பிரதி, வாழ்த்து அட்டை, காலண்டர். அதில் கூச்சம் வேண்டாம், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரோடு சேர்ந்தவர்கள் கைவினைப் பொருள்கள் விற்ற காசில்தான் நிலம் வாங்கி, 1966-ல் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். விற்ற படத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டி, கடைசி நாள் வரை சுவரிலேயே இருக்கட்டும். படங்களைப் பெறும்போதே இரண்டு பிரதிப் பதிவேடு போடுங்கள், முன்பக்கமும் பின்பக்கமும் போட்டோ, ஏற்கெனவே உள்ள கீறல் எங்கே என்ற குறிப்பு, கையெழுத்து. திருப்பிக் கொடுக்கும்போது அதே பக்கத்தில் மறுபடி கையெழுத்து. நண்பர்களுக்குள் இது எதற்கு என்பார்கள். நண்பர்களுக்குள்தான் இது வேண்டும். இரவில் இரண்டு பேர் மண்டபத்தில் படுத்துக்கொள்ளுங்கள், எலிக்காகவாவது.

கழற்றும் நாளில் அவசரப்பட்டு பபிள் ராப்பை நேராக அக்ரிலிக் மேல் சுற்றிவிடுவார்கள். நம் ஊர்ச் சூட்டில் அக்ரிலிக் இளகும், குமிழ் குமிழாகத் தடம் விழும், சில இடத்தில் ஒட்டியே போகும். முதலில் பட்டர் பேப்பர், அதன் மேல் குமிழ்ப் பக்கம் வெளியே இருக்கும்படி பபிள் ராப், இரண்டு படங்களை முகத்தோடு முகம் வைத்து நடுவில் அட்டை. குட்டி யானையில் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, வண்டி ஓடும் திசைக்கு இணையாக நிறுத்திக் கட்டுங்கள். காடாத் துணியைத் துவைத்து மடித்து, வேப்பிலையோடு கட்டி வைத்தால் அடுத்த முறைக்கு ஆகும். பிளைவுட்டை மட்டும் மொட்டை மாடியில் வைக்காதீர்கள், ஒரு மழையில் உப்பிவிடும்.